ஒளிரும் தங்கம்: நானோ கொத்துகளைத் தயாரித்து, அந்த ஒளியைச் சரிபார்க்க ஒரு வழிகாட்டி

தங்க உப்பு, ஒரு புரதம், கொஞ்சம் காரம், ஓர் இரவு. இவ்வளவு இருந்தால் புற ஊதா விளக்கின் கீழ் செக்கச்செவேலென ஒளிரும் கரைசலைத் தயாரித்துவிடலாம். உலோக நானோ துகள்களிலிருந்து வரும் ஒளியைப் படிக்க விரும்பும் ஒருவர் இதிலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். தயாரிப்பு எளிது. ஆனால் அந்தச் சிவப்பு ஒளி தங்கத்தால்தான் வருகிறது என்று உறுதி செய்யும் வேலை, தயாரிப்பைவிடப் பல மடங்கு கவனத்தைக் கேட்கும். அதனால் இந்தக் கட்டுரையில் தயாரிப்புக்குக் குறைவாகவும் சரிபார்ப்புக்கு நிறையவும் இடம் கொடுத்திருக்கிறேன். முதுகலை வேதியியல் அல்லது இயற்பியல் மாணவர்களையும், ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை அல்ல இது.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய இயற்பியல்

கட்டித் தங்கமும் ஒளிரும். 1969-ல் மூரேடியன் என்ற ஆய்வாளர் தங்கத்தின் மீதும் செம்பின் மீதும் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அவை மிக மங்கலாக ஒளியை உமிழ்வதைக் கண்டார். எவ்வளவு மங்கல் என்றால், ஆயிரம் கோடி ஃபோட்டான்கள் உள்ளே போனால் ஒன்று திரும்பி வரும். உலோகத்தில் எலக்ட்ரான்களுக்கான ஆற்றல் நிலைகள் இடைவெளியே இல்லாமல் அடுக்கப்பட்டிருப்பதுதான் காரணம். மேலே ஏறிய எலக்ட்ரான் ஒளியை உமிழ்வதற்குள், பக்கத்து எலக்ட்ரான்களோடு மோதி ஆற்றலை வெப்பமாக இழந்துவிடுகிறது.

துகளைச் சிறிதாக்கினால் இரண்டு கட்டங்களைக் கடக்கிறோம். முதலாவது, சுமார் 5 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ள பகுதி. இங்கே கடத்தும் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஊசலாடுகின்றன. இதைத்தான் பிளாஸ்மான் என்கிறோம். 15 நானோமீட்டர் அளவுள்ள தங்கக் கோளங்கள் 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை உட்கவர்வதால் கரைசல் ஒயின் சிவப்பாகத் தெரியும். 1857-ல் மைக்கேல் ஃபாரடே தயாரித்துக் காட்டிய சிவந்த தங்கக் கூழ்மம் இதுதான். அந்தச் சிவப்பு உமிழ்வு அல்ல. பச்சையை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியது. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் ஃபாரடேயின் கூழ்மம் கண்ணுக்கு ஒளிராது. இந்தத் துகள்களுக்கும் உமிழ்வு உண்டு. 2000-ல் எல் சையதின் குழு, கோல் வடிவத் தங்கத் துகள்களில் அது கட்டித் தங்கத்தைவிடப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் கூடுகிறது என்று காட்டியது. அப்படியும் அது நூற்றுக்கு ஒன்று என்ற அளவைத் தொடுவதில்லை. அதை அளக்க நல்ல லேசரும் நுண்ணோக்கியும் வேண்டும். முதல் நாள் வேலைக்கு அது உகந்ததல்ல.

இரண்டாவது கட்டம் 2 நானோமீட்டருக்குக் கீழே. இங்கே ஒரு துகளில் சில அணுக்களிலிருந்து நூறு சொச்சம் அணுக்கள் வரைதான் இருக்கும். ஆற்றல் நிலைகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி, மூலக்கூறுகளில் இருப்பதுபோல் தனித்தனியாக நிற்கின்றன. பிளாஸ்மான் மறைந்துவிடுகிறது. எலக்ட்ரான் கீழே இறங்க இடைவெளியைத் தாண்டியாக வேண்டும் என்பதால் ஒளியாக வெளிவரும் வாய்ப்பு பெருமளவு கூடுகிறது. இவற்றையே நானோ கொத்துகள் என்கிறோம். 2004-ல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் இதற்கு ஓர் எளிய விதியைக் காட்டினார்கள்: தங்கத்தின் ஃபெர்மி ஆற்றலான (உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் மிக உயர்ந்த நிலையின் ஆற்றல்) 5.5 எலக்ட்ரான் வோல்ட்டை, கொத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையின் கனமூலத்தால் வகுத்தால் உமிழும் ஒளியின் ஆற்றல் ஏறத்தாழக் கிடைக்கும். 8 அணுக்கள் என்றால் 2.75 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 450 நானோமீட்டர், நீலம். 25 அணுக்கள் என்றால் 1.9-ஐ ஒட்டி வரும், அது சிவப்பு. கந்தக அணுக்கள் சூழ்ந்த கொத்துகளுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. ஆனாலும் நிறம் ஏன் மாறுகிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

நாம் செய்யப்போகும் முறை 2009-ல் சிங்கப்பூரில் ஜியான்பிங் சியே, ஜாக்கி யிங் ஆகியோரின் குழு வெளியிட்டது. மாட்டு இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஆல்புமின் என்ற புரதம்தான் இதில் அச்சாகவும் காவலாகவும் இருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் இதை பிஎஸ்ஏ என்றே சொல்வார்கள்.

பொருட்களும் முன்னேற்பாடும்

குளோரோ ஆரிக் அமிலம் என்ற தங்க உப்பு, பிஎஸ்ஏ, சோடியம் ஹைட்ராக்சைடு, அயனி நீக்கிய தூய நீர். கருவிகளில் 37 டிகிரி செல்சியஸில் நிலையாக நிற்கும் இன்குபேட்டர் அல்லது நீர்த்தொட்டி, காந்தக் கலக்கி, மைக்ரோ பிப்பெட், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். 395 நானோமீட்டர் டார்ச் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். அதன் ஊதா வெளிச்சம் கண்ணுக்கே தெரியும் என்பதால் மங்கலான சிவப்பை அமுக்கிவிடும். புற ஊதாக் கண்ணாடி அணியாமல் டார்ச்சை ஏற்ற வேண்டாம்.

தங்க உப்பின் எடையில் பாதி தங்கம்தான். விலையும் அப்படியே. அது காற்றிலுள்ள ஈரத்தை மிக வேகமாக இழுத்துக்கொள்ளும் என்பதால், தேவைப்படும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடை போடுவது சரிவராது. ஒவ்வொரு முறையும் எடை தவறும், உப்பும் கெடும். ஒரு கிராம் புட்டியைத் திறந்தால் முழுவதையும் அப்போதே 25.4 மில்லிலிட்டர் நீரில் கரைத்துவிடுங்கள். 100 மில்லிமோலார் இருப்புக் கரைசல் கிடைக்கும். அதை அடர்நிறப் புட்டியில் ஊற்றி, அலுமினியத் தாள் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் நெடுநாள் வரும். இரும்பு, எஃகுக் கரண்டிகளால் இந்த உப்பைத் தொடக்கூடாது. கரண்டியின் உலோகம் தங்க அயனியைத் தங்கமாக மாற்றி அதன் மேலேயே படியவைத்துவிடும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கரண்டி போதும். கையில் பட்டால் தோலில் ஊதாக் கறை விழும். அதுவும் நானோ தங்கம்தான், ஆனால் கையுறை இல்லாமல் வேலை செய்ததற்கான சாட்சி.

கண்ணாடிக் கலங்களின் சுவரில் பழைய தங்கத் துணுக்கு ஒட்டியிருந்தால் அதன் மேல் புதிய தங்கம் படிந்து பெரிய துகளாக வளரும். அதனால் இராஜ திராவகத்தால் கழுவுவது வழக்கம். மூன்று பங்கு ஹைட்ரோ குளோரிக் அமிலத்தோடு ஒரு பங்கு நைட்ரிக் அமிலம், ஃபியூம் ஹூட்டுக்குள், அன்றைக்குத் தேவையான அளவு மட்டும். அசிட்டோன், ஆல்கஹால் ஈரம் இருக்கும் கலத்தில் ஊற்றவே கூடாது. மூடி போட்ட புட்டியில் சேமிக்கவும் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் புதிய கண்ணாடிக் குப்பிகளை வாங்கித் தூய நீரில் பலமுறை அலசிப் பயன்படுத்துங்கள். முதல் முயற்சிக்கு அது போதும்.

தயாரிப்பு

இருப்புக் கரைசலில் ஒரு மில்லிலிட்டரை 9 மில்லிலிட்டர் நீரோடு சேர்த்தால் 10 மில்லிமோலார் தங்கக் கரைசல். அதில் 5 மில்லிலிட்டர் வேண்டும்.

இன்னொரு குப்பியில் 5 மில்லிலிட்டர் நீரை எடுத்து, 250 மில்லிகிராம் பிஎஸ்ஏவை மேலே தூவிவிடுங்கள். குலுக்காதீர்கள். குலுக்கினால் நுரை பொங்கும். நுரையின் பரப்பில் புரதம் தன் மடிப்பு அவிழ்ந்து கெட்டுப்போகும். அப்படியே விட்டால் அரை மணி நேரத்தில் தானாகக் கரைந்து இளமஞ்சளாகத் தெளியும். சோடியம் ஹைட்ராக்சைடை அன்றன்றே கரைத்துக்கொள்வது நல்லது: 100 மில்லிலிட்டர் நீரில் 4 கிராம் போட்டால் ஒரு மோலார். பழைய காரக் கரைசல் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி ஓரளவு கார்பனேட்டாக மாறியிருக்கும். புதியவர்களின் தயாரிப்பு தோற்கும் இடங்களில் இது முக்கியமானது.

இப்போது 37 டிகிரியில் பிஎஸ்ஏ கரைசலை வேகமாகக் கலக்கியபடி தங்கக் கரைசலை ஊற்றுங்கள். சற்றே கலங்கலாகலாம், பயப்பட வேண்டாம். இரண்டு நிமிடம் விடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் தங்க அயனிகள் புரதத்துக்குள் நுழைந்து பல இடங்களில் பற்றிக்கொள்கின்றன. பிறகு காரத்தில் 0.5 மில்லிலிட்டரைச் சேருங்கள். கலங்கல் தெளியும், காரத்தன்மை (pH) 12-ஐ ஒட்டி ஏறும். குப்பியை மூடி 37 டிகிரியில் 12 மணி நேரம் வைத்துவிடுங்கள். இளமஞ்சளாக இருந்தது மெல்ல மெல்லப் பழுப்பாகி, காலையில் அடர்பழுப்பாக நிற்கும்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால்தான் அளவுகளை மாற்றிப் பார்க்கும்போது குருட்டுத்தனமாக மாற்றாமல் இருப்பீர்கள். இங்கே வெளியிலிருந்து ஒடுக்கி (எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருள்) எதையும் நாம் சேர்க்கவில்லை. தங்க அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுப்பது புரதமே. அதிலுள்ள தைரோசின் என்ற அமினோ அமிலம் காரத்தன்மை 10-ஐத் தாண்டியதும் தன் ஹைட்ரஜனை இழந்து, எலக்ட்ரானைக் கொடுக்கத் தயாராகிறது. காரம் குறைந்தால் இந்தக் கதவு திறக்காது. புரதத்தில் சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலங்கள் 35 இருக்கின்றன. அவற்றின் கந்தகம் தங்கத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. பிறகு புரதத்தின் பருமன். பெரிய கூடு ஒவ்வொரு கொத்தையும் தனித்தனியாக அடைகாப்பதால் கொத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய துகளாக வளர முடிவதில்லை. மேலே சொன்ன அளவுகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு புரத மூலக்கூறுக்குச் சுமார் 13 தங்க அணுக்கள்தான் வருகின்றன. கொத்தில் 25 அணுக்கள் இருப்பதாகச் சியே குழு, மூலக்கூறின் எடையை அளக்கும் நிறை நிறமாலையிலிருந்து கணித்தது. அப்படியானால் எல்லாப் புரதங்களுக்குள்ளும் கொத்து இருக்க வாய்ப்பில்லை. காலியான புரதங்களும் உங்கள் கரைசலில் நீந்துகின்றன என்பதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

ஒருநாள் கழித்து, 12,000 டால்டனுக்குக் குறைந்த எடையுள்ள மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் சவ்வில் ஊற்றித் தூய நீரில் 24 மணி நேரம் தொங்கவிட்டால் சேராத உப்பும் காரமும் வெளியேறிவிடும். இடையில் நீரை மூன்று நான்கு முறை மாற்றுங்கள். 4 டிகிரியில் வைத்தால் மாதக்கணக்கில் ஒளிர்வு நிற்கும்.

முட்டையின் வெள்ளைக்கருவை வைத்தும் இதைச் செய்யலாம், வகுப்பில் காட்ட அது போதும். ஆனால் வெள்ளைக்கருவில் பல புரதங்கள் கலந்திருப்பதால் அளவீட்டு வேலைக்கு அதை நான் எடுக்க மாட்டேன்.

கூடவே தயாரிக்க வேண்டிய நான்கு குப்பிகள்

இதை விட்டுவிட்டு முதன்மைக் குப்பியை மட்டும் தயாரிப்பவர்கள் ஏராளம். தயவுசெய்து அந்த வழக்கத்துக்குள் போகாதீர்கள். அதே நாளில், அதே நீரில், அதே இன்குபேட்டரில் இவையும் இருக்க வேண்டும்: தங்கம் இல்லாமல் பிஎஸ்ஏவும் காரமும், காரம் இல்லாமல் பிஎஸ்ஏவும் தங்கமும், பிஎஸ்ஏ இல்லாமல் தங்கமும் காரமும், வெறும் நீர்.

இவற்றில் முதல் குப்பிதான் உங்களுக்கு நிறையச் சொல்லித்தரும். தங்கமே இல்லாத அந்தக் கரைசலும் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். காரத்தில் இரவு முழுக்க ஊறிய புரதத்தில் தைரோசின்கள் இரண்டிரண்டாக இணைந்தும் ஆக்சிஜனேற்றம் அடைந்தும் நீல ஒளியை உமிழும் பொருட்களாக மாறுகின்றன. தங்கக் குப்பியை அளக்கும்போது 400 முதல் 450 நானோமீட்டருக்குள் தெரியும் மேட்டைப் பார்த்துவிட்டு, ‘சிறிய கொத்துகளும் உருவாகியிருக்கின்றன, 8 அணுக் கொத்தாக இருக்கலாம்’ என்று முடிவுகட்டத் தோன்றும். கட்டுப்பாட்டுக் குப்பி பக்கத்தில் இருந்தால் அந்த எண்ணம் அங்கேயே நின்றுவிடும். காலியான புரதங்கள் என்று மேலே சொன்னேனே, அவற்றின் பங்கும் இதில் உண்டு.

ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்கலாம். 0.01 சதவீதத் தங்க உப்புக் கரைசலில் 50 மில்லிலிட்டரைக் கொதிக்கவைத்து, ஒரு சதவீத சோடியம் சிட்ரேட் கரைசலில் ஒரு மில்லிலிட்டரைச் சேர்த்தால் சில நிமிடங்களில் ஒயின் சிவப்பு வரும். 1973-ல் ஃப்ரென்ஸ் தந்த அளவு இது, துகள் சுமார் 16 நானோமீட்டர் இருக்கும். பகலில் அழகாகச் சிவந்திருக்கும் இந்தக் குப்பி இருட்டில் டார்ச்சுக்குக் கீழே கறுத்து நிற்கும். பகலில் சாயம்போல் பழுப்பாக இருக்கும் உங்கள் குப்பி இருட்டில் சிவந்து எரியும். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால், உட்கவர்தலால் வரும் நிறத்துக்கும் உமிழ்வால் வரும் நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டை யாருக்கும் இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்காது.

யூவி கருவியில் முதல் அளவீடு

ஒளிர்வை அளக்கும் முன் உட்கவர்தலை அளந்துவிடுங்கள். நல்ல கொத்துக் கரைசலில் 300 முதல் 800 வரை வளைகோடு மேடின்றிச் சரிந்து இறங்கும். 520-ஐ ஒட்டி ஒரு புடைப்பு தெரிந்தால் பெரிய துகள்கள் கலந்திருக்கின்றன என்று பொருள். அவை கண்ணுக்குத் தெரியும்படி உமிழ்வதும் இல்லை, பக்கத்திலுள்ள கொத்துகளின் ஒளியையும் விழுங்கும்.

அடுத்தது நீர்க்கச் செய்தல். நீங்கள் கிளர்வூட்டப்போகும் அலைநீளத்தில், ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (கரைசலை வைக்கும் சிறு சதுரக் கலம்) உட்கவர் அளவு 0.1-க்குக் கீழே வரும்வரை நீர் சேருங்கள். அடர்த்தி அதிகமானால் குவெட்டின் முன்பக்கச் சுவரிலேயே ஒளி முழுவதும் உட்கவரப்பட்டுவிடும். கருவி பார்ப்பதோ நடுப்பகுதியை. அடர்த்தியான கரைசல் குறைவாக ஒளிர்வதாகக் கருவி காட்டுவது இதனால்தான். சரியான எல்லைக்குள் வந்துவிட்டோமா என்று அறிய ஒரு வழி உண்டு. இன்னும் பாதியாக நீர்க்கச் செய்யுங்கள். ஒளிர்வும் பாதியானால் சரி.

ஃபுளோரிமீட்டரும் அதன் பொறிகளும்

ஃபுளோரிமீட்டர் என்பது ஒளிர்வை அளக்கும் கருவி. நான்கு பக்கமும் தெளிவான குவார்ட்ஸ் குவெட்டை எடுங்கள். 470 நானோமீட்டரில் கிளர்வூட்டி 500 முதல் 800 வரை உமிழ்வைப் பதியுங்கள். 640-ஐ நடுவாகக் கொண்ட அகன்ற மேடு வர வேண்டும். வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் சந்தேகப்பட வேண்டும்.

கருவிக்குள் ஒளியை அலைநீளவாரியாகப் பிரிப்பது கீற்றணி (நுண்ணிய கோடுகள் கீறிய தட்டு). அதற்கு இரண்டாம் வரிசை உண்டு: 320 நானோமீட்டரில் நீங்கள் அனுப்பும் ஒளி சிதறி உள்ளே வந்தால் அது 640-லும் ஒரு சிகரத்தைக் காட்டும். சரியாக நாம் எதிர்பார்க்கும் இடத்திலேயே! வெறும் நீரை வைத்தாலும் காட்டும். மெல்லிய ஊசிபோல் நிற்கும் அந்தச் சிகரத்தை முதல்முறை பார்ப்பவர் மகிழ்ந்துவிடக்கூடும். 320-ஐத் தவிர்ப்பது ஒரு வழி. உமிழ்வுப் பக்கத்தில், கிளர்வூட்டும் ஒளியை நிறுத்தி நீண்ட அலைநீளங்களை மட்டும் விடும் வடிகட்டியைச் செருகுவது அதைவிட நல்ல வழி. 470-ஐ நான் பரிந்துரைப்பதற்கும் இது ஒரு காரணம். அதன் இரண்டாம் வரிசை 940-ல் விழும், நம் எல்லைக்கு வெளியே.

நீர் மூலக்கூறு தன் பங்குக்கு ராமன் சிதறலைச் சேர்க்கும். சர் சி.வி. ராமன் 1928-ல் கண்ட அதே விளைவுதான். நீரின் ராமன் கோடு, கிளர்வூட்டும் ஒளியிலிருந்து சென்டிமீட்டருக்கு 3,400 அலைகள் என்ற அளவு தள்ளி நிற்கும். 365-ல் கிளர்வூட்டினால் 417-ஐ ஒட்டி, 470 என்றால் 559-ஐ ஒட்டி, 500 என்றால் 602-ஐ ஒட்டி. நீர்க்கச் செய்த கரைசலில் இந்தக் கோடு கொத்தின் மேட்டோடு ஒட்டிக்கொண்டு தோள்போல் தெரியும். பிரித்தறிய எளிய சோதனை: கிளர்வூட்டும் அலைநீளத்தை 10 நானோமீட்டர் படிகளாக மாற்றிக்கொண்டே போங்கள். சிதறலும் ராமனும் கூடவே நகரும். உண்மையான உமிழ்வு இருந்த இடத்திலேயே நிற்கும், உயரம் மட்டும் மாறும். இந்த ஒரு சோதனையை ஒவ்வொரு கரைசலுக்கும் செய்து, வரைபடத்தைக் குறிப்பேட்டில் ஒட்டிவையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. உமிழ்வை 640-ல் நிறுத்திக்கொண்டு கிளர்வூட்டும் அலைநீளத்தை 260-லிருந்து 600 வரை ஓட்டுங்கள். எந்த ஒளியை உள்வாங்கியதால் சிவப்பு வருகிறது என்று இது காட்டும். உட்கவர் வளைகோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 280-ல் மட்டும் சிகரம் வந்து பிறகு எதுவுமே இல்லை என்றால் ஒளியைப் பெறுவது புரதம் என்று யோசிக்க வேண்டும்.

பிறகு கட்டுப்பாட்டுக் குப்பிகளை, எந்த அமைப்பையும் மாற்றாமல், ஒவ்வொன்றாக அதே வரிசையில் அளந்து ஒரே தாளில் வரையுங்கள். தங்கமும் காரமும் பிஎஸ்ஏவும் மூன்றும் சேர்ந்த குப்பியில் மட்டும் சிவப்பு மேடு இருந்தால், ‘ஒளிர்வுக்குத் தங்கம் வேண்டும்’ என்று எழுதலாம். அந்த வாக்கியத்தின் எல்லையைக் கவனியுங்கள். தங்கம் வேண்டும் என்பது மட்டும்தான் நிரூபணமாகியிருக்கிறது.

எவ்வளவு ஒளிர்கிறது?

ஒளிர்வுத் திறன் என்பது உள்வாங்கிய ஃபோட்டான்களில் எத்தனை திரும்ப வருகின்றன என்ற விகிதம். சியே குழு தன் கொத்துகளுக்குச் சுமார் 6 சதவீதம் என்று வெளியிட்டது. நேரடியாக அளக்க, எல்லாத் திசைகளிலும் வரும் ஒளியைத் திரட்டும் ஒருங்கிணைக்கும் கோளம் வேண்டும். அது இல்லாத கூடங்களில், திறன் தெரிந்த ஒரு சாயத்தோடு ஒப்பிடுவார்கள். ரோடமின் 6ஜி சாயம் எத்தனாலில் 0.95 என்பதால் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். ஆனால் அது 550-ஐ ஒட்டி உமிழ்வது, நம்முடையது 640. சிவப்புப் பகுதியில் ஒளியுணரி எவ்வளவு மந்தமாகிறது என்பது இரண்டுக்கும் ஒன்றல்ல. மெத்தனாலில் கிரெசில் வயலெட், 0.54, சிவப்பை ஒட்டி உமிழ்வதால் இன்னும் பொருத்தமானது.

கணக்கு இப்படி: சாயத்தின் திறனை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு மேடுகளின் பரப்பளவு விகிதத்தால் பெருக்குங்கள். உட்கவர் அளவுகளின் விகிதத்தால், இம்முறை சாயத்தை மேலே வைத்து, பெருக்குங்கள். கடைசியாக இரு கரைப்பான்களின் ஒளிவிலகல் எண்களின் விகிதத்தை, கொத்துக் கரைசலை மேலே வைத்து, வர்க்கமாக்கி அதாலும் பெருக்குங்கள். கருவியின் நிறமாலைத் திருத்தத்தை இயக்கிய பிறகே பதிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு அடர்த்தியில் எடுத்த எண்ணை நம்பாதீர்கள். நான்கைந்து அடர்த்திகளில் எடுத்து, பரப்பளவுக்கும் உட்கவர் அளவுக்கும் கோடு வரைந்து அதன் சாய்வைப் பயன்படுத்துங்கள். அப்படிச் செய்தும் பத்தில் ஒரு பங்கு முன்பின் வரும். 6.27 சதவீதம் என்று எழுதுவதில் பொருளில்லை.

ஒளிர்வின் ஆயுட்காலத்தை, அதாவது விளக்கை அணைத்த பின் ஒளி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை, அளக்கும் வசதி உங்கள் கூடத்தில் இருந்தால், எல்லாச் சான்றுகளிலும் அதற்கே முதலிடம் கொடுப்பேன். சிதறல் உடனுக்குடன் முடிந்துவிடும். புரதத்தின் நீல ஒளி சில நானோ விநாடிகளில் அணையும். பிஎஸ்ஏ தங்கத்தின் சிவப்போ மைக்ரோ விநாடி அளவுக்கு நீடிக்கும், நூற்றுக்கணக்கான மடங்கு வேறுபாடு. கொத்தின் ஒளியைப் போலிகளிலிருந்து இவ்வளவு தெளிவாகப் பிரித்துக்காட்டும் அளவீடு வேறில்லை.

ஒளிர்வது எது?

இந்தக் கேள்வி இன்னும் மூடப்படவில்லை என்பதைப் புதியவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். சியே குழுவின் அளவீட்டின்படி கொத்திலுள்ள தங்கத்தில் சுமார் 17 சதவீதம் ஒற்றை நேர்மின்னூட்டம் கொண்ட அயனியாக, கந்தகத்தோடு பிணைந்து மேற்பரப்பில் இருக்கிறது. நடுவிலுள்ள உலோகக் கரு ஒளிர்கிறதா, மேலே போர்த்திய தங்கக் கந்தக ஓடு ஒளிர்கிறதா? 2012-ல் சியே உள்ளிட்டோர் வேறொரு வகைக் கொத்தில், ஓட்டிலுள்ள அந்தச் சேர்மங்கள் நெருங்கி அடைந்தால் ஒளிர்வு பலமடங்கு கூடுவதைக் காட்டினார்கள். 2018-ல் அமெரிக்காவில் டிக்சன், எகுசா என்ற இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: காரத்தில் புரதம் தன் வடிவத்தை மாற்றும்போது தங்க அயனி அதோடு பிணைவதே சிவப்புக்குக் காரணம், உலோகக் கொத்தே தேவையில்லை என்று வாதிட்டார்கள். மின்னணு நுண்ணோக்கியில் தெரியும் ஒரு நானோமீட்டர் புள்ளிகளும் முழுச் சான்றாகாது. எலக்ட்ரான் கற்றையே தங்க அயனியை ஒடுக்கிப் புள்ளிகளை உருவாக்கும்.

என் கருத்து இது: நிறை நிறமாலை கையில் இல்லாதவரை, உங்கள் குறிப்பேட்டில் ‘பிஎஸ்ஏ தங்கம்’ என்று மட்டும் எழுதுங்கள், அணுக்களின் எண்ணிக்கையைச் சேர்க்காதீர்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு பல ஆண்டுகளாகப் புரதங்களிலும் சிறிய தையால்களிலும் (கந்தகம் கொண்ட சிறிய மூலக்கூறுகள்) இத்தகைய கொத்துகளைத் தயாரித்து, நிறை நிறமாலையால் அணு அணுவாக எண்ணிக் காட்டியிருக்கிறது. இந்தத் துறையில் தொடர விரும்புவோர், புரதத்துக்கு அடுத்து குளுட்டாதையோன் போன்ற சிறிய மூலக்கூறுகளால் சூழப்பட்ட கொத்துகளுக்குப் போனால், எண்ணிக்கையைத் துல்லியமாக நிறுவும் வாய்ப்பு கிடைக்கும்.

சிவப்பு வராவிட்டால்

கரைசல் இளமஞ்சளாகவே நிற்கிறதா? காரம் போதவில்லை. காரத்தன்மைத் தாளை வைத்துப் பாருங்கள், 12-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஊதாவாகவோ ஒயின் நிறமாகவோ மாறிவிட்டதா? பெரிய துகள்கள் வளர்ந்துவிட்டன; கலம் அழுக்காக இருந்திருக்கலாம், புரதம் குறைந்திருக்கலாம். பழுப்பாகியும் ஒளிர்வு மங்கலா? நீர்க்கச் செய்து பாருங்கள், அடர்த்தியே பாதிக் காரணமாக இருக்கும். அதுவும் இல்லை என்றால் நீரைச் சந்தேகியுங்கள். பாதரச அயனி நானோமோலார் அளவில் இருந்தாலே இந்த ஒளிர்வை அணைத்துவிடும். குடிநீரில் பாதரசத்தைக் கண்டறிய இதே கரைசலைச் சியே குழு 2010-ல் பயன்படுத்தியதும் அதனால்தான். வெப்பம் கூடினாலும் ஒளிர்வு குறையும். எல்லா அளவீடுகளையும் 25 டிகிரியில் நிறுத்துங்கள்.

வேலை முடிந்ததும்

தங்கக் கழிவைத் தனிப் புட்டியில் சேருங்கள், தொட்டியில் ஊற்றாதீர்கள். மீட்டெடுக்கலாம். அந்தப் புட்டியில் ‘தங்கம், காரம், புரதம்’ என்று தெளிவாக எழுதி ஒட்டுங்கள். அம்மோனியாவோ அம்மோனியம் உப்போ உள்ள எந்தக் கழிவும் அதற்குள் போகக் கூடாது. தங்க உப்பும் அம்மோனியாவும் சேர்ந்தால் உருவாகும் வீழ்படிவு காய்ந்த நிலையில் தொட்டாலே வெடிக்கும். இராஜ திராவகக் கழிவு வேறு, இது வேறு; அது ஃபியூம் ஹூட்டுக்குள் மூடியில்லாமல் இருந்து, வாயு அடங்கிய பிறகே நடுநிலையாக்கப்பட வேண்டும். டார்ச்சின் மின்கலத்தைக் கழற்றிவையுங்கள். குவெட்டை முதலில் குளிர்ந்த நீரில், பிறகு நீர்த்த காரத்தில், மறுபடி நீரில் அலசிக் கவிழ்த்துவிடுங்கள். காய்ந்த புரதம் குவார்ட்ஸில் ஒட்டிக்கொண்டால் அடுத்த நாள் வெறும் நீரும் நீலமாக ஒளிரும்.